வீட்டுக் கடுவனா, வெளிக் கடுவனா? வன்னியில் அல்சேசன் வளர்ப்போருக்கான ஓர் ஒப்பீடு

என் வளவுக்கு நாய்க்குட்டி வாங்க வருகிறவர்கள் அடிக்கடி கேட்பது, "ஒரு சோடி தாங்கோ" என்பதுதான். ஒரே ஈற்றில் பிறந்த ஒரு கடுவனையும் (ஆண் நாய்) ஒரு பெட்டையையும் (பெண் நாய்) சேர்த்து வாங்கிக்கொண்டு போனால் இரண்டு வருடத்தில் வீட்டிலேயே குட்டி கிடைத்துவிடும், கடுவன் தேடி அலைய வேண்டியதில்லை என்பது அவர்களுடைய கணக்கு. தொடக்கத்தில் நானும் அதே கணக்கைத்தான் போட்டேன். பின்னர் பெட்டைக்கு இரத்த உறவில்லாத ஒரு கடுவனை வாங்கி வளர்த்துப் பார்த்தேன்; அதற்கும் பின்னர் பெட்டையை வெளியே கொண்டுபோகத் தொடங்கினேன். விருப்பத்துக்காக ஒன்றிரண்டு பெட்டைகளை வைத்து, வருடத்துக்கு ஓர் ஈற்றுக்கு மேல் எடுக்காத ஒருவருக்கு இவற்றில் எது பொருந்தும் என்பதை, இரண்டு வழியிலும் நடந்து பார்த்தவன் என்ற முறையில் இங்கே ஒப்பிட்டு எழுதுகிறேன். நான் இருப்பது பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் ஏ-35 வீதியை ஒட்டிய ஓர் ஊர். என்னிடம் நிற்பவை ஜேர்மன் ஷெப்பர்ட் நாய்கள். எங்கள் பக்கத்தில் அவற்றுக்கு இன்றைக்கும் அல்சேசன் என்றுதான் பெயர்.

சொந்தக் கடுவன் இருப்பதன் மிகப் பெரிய வசதி, நாள் பார்க்கத் தெரியாவிட்டாலும் காரியம் நடந்துவிடும் என்பதே. பெட்டைக்கு ஹீற் (இணைசேரும் பருவம்) வந்து இரத்தம் கசியத் தொடங்கியதிலிருந்து சராசரியாக 9 நாள் அது கடுவனை ஏறவிடாது. அதற்குப் பின்னர் சராசரியாக இன்னும் 9 நாள் ஏற்றுக்கொள்ளும். இந்தச் சராசரியை நம்பி நாள் குறிக்கிறவர்தான் ஏமாறுகிறார், ஏனெனில் முதற்கட்டம் ஒரு பெட்டைக்கு 5 நாளில் முடிந்துவிடும், இன்னொன்றுக்கு 15 நாள்வரை இழுக்கும். முட்டைகளும் வெளிப்பட்ட உடனே கருக்கட்டும் நிலையில் இருப்பதில்லை; முதிர்வதற்கு ஏறக்குறைய 2 நாள் எடுத்து, முதிர்ந்த பின்னர் 2 அல்லது 3 நாள்தான் தாங்குகின்றன. கடுவனின் விந்தணு பெட்டையின் உடலுக்குள் 5 முதல் 7 நாள்வரை உயிரோடு இருக்கக்கூடியது என்பதால், இரண்டும் ஒரே வளவில் நின்று ஒரு நாள் விட்டு ஒரு நாள் சேர்ந்தால் எந்த நாள் சரியான நாள் என்ற கேள்வியே எழாது. வெளியே கொண்டுபோகிறவருக்கு இந்தச் சலுகை இல்லை. அவர் வாகனம் பிடித்துப் போகும் ஒன்றிரண்டு நாட்கள் பிழைத்துவிட்டால், அடுத்த ஹீற்றுக்கு ஆறேழு மாதம் காத்திருக்க வேண்டியதுதான்.

என் பெட்டை ரோசியை முதன்முறை வெளியே கொண்டுபோனபோது எனக்கு நேர்ந்தது இதுவே. கலண்டரில் பத்தாம் நாளையும் பன்னிரண்டாம் நாளையும் சிவப்புப் பேனையால் வட்டமிட்டு வைத்துவிட்டு, பத்தாம் நாள் விடியமுன் வான் பிடித்து, ஆனையிறவு தாண்டி யாழ்ப்பாணத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். கடுவன் வைத்திருந்தவர் அறுபது வயதைத் தாண்டிய ஒரு பெரியவர். அவர் ரோசியின் வாலடிக்குச் சற்று மேலே உள்ளங்கையை வைத்து மெதுவாக அழுத்தினார். அவள் உடனே வாலைத் தொடைகளுக்கு நடுவில் இறுக்கிக்கொண்டு குந்திவிட்டாள். பின்னர் ஒரு வெள்ளைத் துணியால் கசிவை ஒற்றி எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், கடுஞ்சிவப்பாக இருந்தது. "தம்பி, பெட்டை இண்டைக்கு நிக்காது. இது வெளுத்து, வைக்கல் ஊறின தண்ணி மாதிரி வரவேணும். ஒரு நாலஞ்சு நாள் கழிச்சுக் கொண்டுவாங்கோ" என்றார். நானோ வாகனக்காரருக்கு வசதிப்பட்ட பன்னிரண்டாம் நாளே திரும்பவும் போய், அரை மனதோடு நின்றவளை ஒருமுறை சேரவிட்டுக் கொண்டுவந்தேன். அந்த முறை அவளுக்குச் சினை பிடிக்கவில்லை.

அடுத்த ஹீற்றில் கலண்டரை விட்டுவிட்டு அவளையே பார்த்தேன். காலையும் மாலையும் அதே இடத்தில் கையை வைத்து அழுத்திப் பார்த்து வந்ததில், பதினைந்தாம் நாள் மாலை அவள் குந்தாமல், பின்னங்கால்களை அகட்டி ஊன்றிக்கொண்டு வாலை ஒரு பக்கமாக ஒதுக்கினாள். துணியில் பட்ட கசிவும் வெளிர்ந்திருந்தது. பதினாறாம் நாளும் பதினெட்டாம் நாளும் கொண்டுபோனேன். இரண்டு முறையும் நாய்கள் பூட்டுண்டு, பின்புறத்தோடு பின்புறம் ஒட்டியபடி இருபது நிமிடத்துக்குக் குறையாமல் நின்றன. ஏழு குட்டிகள் கிடைத்தன. ஆகவே, சொந்தக் கடுவன் தரும் பெரிய வசதியை, பெட்டையைப் பார்க்கப் பழகிய ஒருவர் பெருமளவுக்கு ஈடுசெய்துகொள்ளலாம் என்பது என் துணிபு. இரத்தத்தில் புரோஜெஸ்தரோன் என்ற ஹோர்மோனின் அளவைப் பார்க்க வழியுள்ளவர்களுக்கு இன்னும் நல்லது. அந்த அளவு மில்லிலீற்றருக்கு 5 நனோகிராமை எட்டும்போது முட்டை வெளிப்படுகிறது என்றும், அதற்கு இரண்டு நாள் கழித்துச் சேர்ப்பது சிறந்தது என்றும் பொதுவாகக் கொள்ளப்படுகிறது. முட்டை வெளிப்பட்ட நாள் தெரிந்துவிட்டால், அதிலிருந்து 63 நாளில், ஒரு நாள் முன்பின்னாக, குட்டி போடும் நாளையும் சொல்லிவிடலாம். ஆய்வுகூடம் கிட்ட இல்லாத இடத்தில், நுணுக்குக்காட்டி வைத்திருக்கும் மிருக வைத்தியர் ஒருவர் பஞ்சுக் குச்சியால் எடுத்த மாதிரியைக் கண்ணாடித் துண்டில் தேய்த்துப் பார்த்தே பெட்டை எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று ஓரளவுக்குச் சொல்லிவிடுவார்.

இனிச் சொந்தக் கடுவனின் மறுபக்கத்துக்கு வருகிறேன். ஒரே ஈற்றுச் சோடியின் குட்டிகளில் இரத்தக் கலப்பின் நெருக்கம், அதாவது ஒரு மரபணுவின் இரண்டு பிரதிகளும் ஒரே மூதாதையிடமிருந்து வந்திருக்கும் வாய்ப்பு, 25 சதவீதம். தகப்பனையும் மகளையும் சேர்த்தாலும் அதே 25 சதவீதம்தான். பெற்றோர் இருவரிடமும் வெளியே தெரியாமல் மறைந்திருக்கும் குறை ஒன்று குட்டியில் வெளிப்படுவதற்கு இதைவிட நேரான வழி இல்லை. அல்சேசனில் வளர்ச்சி நின்று குள்ளமாகிப்போகும் நோய் அப்படிப்பட்டது: தாயும் தகப்பனும் முழு நலத்தோடு நின்றாலும், இருவரும் அந்தக் குறையைச் சுமப்பவர்களாக இருந்தால் ஒவ்வொரு குட்டிக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு அந்த நோய் வருவதற்கு உண்டு. என் முதற்சோடி போட்ட நாலு குட்டிகளில் இரண்டு முதல் வாரத்திலேயே இறந்துவிட்டன. மிஞ்சிய கடுவன் குட்டிக்கு ஒரு விதை கடைசிவரை கீழே இறங்கவில்லை. அந்த இரண்டு குட்டிகளையும் வேப்பமரத்தடியில் புதைத்த நாளிலிருந்து நான் யாருக்கும் சோடி விற்பதில்லை.

இரத்த உறவில்லாத கடுவனை வெளியிலிருந்து வாங்கி வளர்த்தால் இந்தக் குறை தீர்ந்துவிடும் என்று நினைத்துத்தான் இரண்டாவது முறை இறங்கினேன். ஓர் ஈற்றுக்கு அது தீர்த்தும் வைத்தது. ஆனால், வளர்ப்பவர் எவரும் நல்ல ஈற்றில் சிறந்த பெட்டைக் குட்டியைத் தனக்கென்று நிறுத்திக்கொள்வார். அந்தக் குட்டி வளர்ந்து நிற்கும்போது வீட்டுக் கடுவன் அவளுக்குத் தகப்பன். தாய்க்கு அவனால் கிடைக்கும் பயன் இரண்டு மூன்று ஈற்றோடு முடிந்துவிடுகிறது, மகளுக்கோ அவனால் ஒரு பயனும் இல்லை. அதன் பின்னர் அந்தக் கடுவன் இன்னும் ஏழெட்டு வருடம் வீட்டில் நிற்பான். இன நியமப்படி 30 முதல் 40 கிலோ எடை வரக்கூடிய ஒரு நாய்க்கு அத்தனை வருடமும் சோறும் மீனும் ஊசியும் உண்ணி மருந்தும் வேண்டும். காவலுக்கென்று வைத்திருப்பவருக்கு இது பாரமில்லை. குட்டிக்காக மட்டும் வைத்திருப்பவருக்கு இந்தக் கணக்கு ஒருபோதும் நேராவதில்லை.

அதைவிடக் கடினமானது, மகளுக்கு ஹீற் வரும் மூன்று வாரமும் தகப்பனைப் பிரித்து வைப்பதாகும். கதியால் வேலியும் முட்கம்பியும் உள்ள வளவில், ஊளையிட்டுக்கொண்டு சாப்பிட மறுக்கும் ஒரு கடுவனை நிறுத்தி வைப்பது என்னவென்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும். என்னுடையது கதியாலுக்கு அடியில் மண்ணைக் கிளறி ஓர் ஆள் நுழையும் அளவுக்குக் குழி தோண்டியது. கடைசியில் அவனை மூன்று வாரமும் மாமா வீட்டில் கொண்டுபோய்க் கட்ட வேண்டியதாயிற்று.

உண்ணிக் காய்ச்சலையும் இங்கே சொல்ல வேண்டும், ஏனெனில் எங்கள் பக்கத்தில் அது வராத நாய் அரிது. காய்ச்சல் விந்தணு உற்பத்தியைக் கெடுக்கும். ஒரு விந்தணு உருவாகி முடிய ஏறக்குறைய 2 மாதம் எடுப்பதால், காய்ச்சல் மாறி நாய் பழையபடி துள்ளித் திரியும் காலத்திலும் அதன் விந்து பயனற்றதாக இருக்கலாம். ஒரே கடுவனை நம்பியிருப்பவருக்கு இதனால் ஒரு ஹீற் முழுவதும் வீணாகிவிடும். வெளிக் கடுவனுக்கும் காய்ச்சல் வரும்தான், ஆனால் வெளியே போகிறவர் வேறொன்றைத் தேடிக்கொள்ளலாம்.

வெளிக் கடுவனின் அபாயங்கள் வேறு வகையானவை, அவற்றில் முதலாவது நோய். பல பெட்டைகளோடு சேரும் கடுவனிடமிருந்து இரண்டு நோய்கள் தொற்றக்கூடும். ஒன்று, சேர்க்கையால் பரவும் கட்டி. நாயிலிருந்து நாய்க்கு உயிரணுவாகவே தாவும் புற்றுநோய் அது. பூக்கோவாவைப் போன்ற சதை வளர்ந்து இரத்தம் கசியும். வின்கிறிஸ்ரின் மருந்தைக் கிழமைக்கு ஒருமுறை ஏற்றினால் பெரும்பாலும் மாறிவிடும். தெருநாய்கள் அவிழ்ந்து திரியும் நாட்டில் இதை அரிதான நோய் என்று சொல்ல முடியாது. மற்றது புரூசெல்லா என்ற பக்ரீரியாவால் வருவது, கடைசி மூன்று வாரத்தில் சினை கலையச் செய்யும், மனிதருக்கும் தொற்றக்கூடும், ஒருமுறை வந்த நாயைக் குட்டிக்குப் பயன்படுத்தவே கூடாது. ஆகவே, கடுவனின் உறுப்பைத் தோல் விலக்கிப் பார்ப்பதற்கும், இரண்டு விதையும் இறங்கியிருக்கின்றனவா என்று தடவிப் பார்ப்பதற்கும், இரத்தப் பரிசோதனை கேட்பதற்கும் கூச்சப்படக் கூடாது. நல்ல கடுவன்காரர் இதற்குக் கோபிக்க மாட்டார்; அவரும் உங்கள் பெட்டையைப் பார்த்துத்தான் உள்ளே விடுவார். நாய்களுக்குக் கடும் வயிற்றோட்டத்தை உண்டாக்கும் பாவோவைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிர்தரித்து நிற்கும் என்பதால், பெட்டைக்குரிய ஊசிகளை ஹீற்றுக்கு முன்னரே போட்டு முடித்துவிட வேண்டும். சினைப்பட்ட பின்னர் அந்த ஊசிகளைத் தவிர்ப்பதே முறை.

பயணத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சோளகம் (தென்மேற்குக் காற்று) வீசும் மாதங்களில் விடியமுன் புறப்பட்டு, வெயில் ஏறமுன் திரும்பிவிட வேண்டும், தண்ணீர் கொண்டுபோக வேண்டும், அவ்வளவுதான்.

கடுவன்காரரோடு பேசும்போது விடுபடுவதுதான் பெரும்பாலும் மனத்தாங்கலில் முடிகிறது. கூலியைக் காசாகக் கொடுப்பதா, ஒரு குட்டியாகக் கொடுப்பதா. குட்டியென்றால் முதலில் தெரிவுசெய்வது யார். ஒரு குட்டி மட்டும் பிறந்தால் என்ன செய்வது. சினை பிடிக்காவிட்டால் அடுத்த ஹீற்றில் கூலியில்லாமல் சேர்ப்பாரா என்பவற்றை ஒரு தாளில் எழுதி இருவரும் கையொப்பம் வைத்துக்கொள்வது உறவுக்கும் நல்லது. பேப்பர் (வம்சப் பதிவுச் சான்று) உள்ள நாயானால், குட்டிகளைப் பதிவதற்குக் கடுவன்காரரின் கையொப்பம் தேவைப்படும் என்பதையும் அப்போதே பேசிவிட வேண்டும்.

வெளிக் கடுவனுக்கு எதிராக என்னிடம் உள்ள வலுவான வாதம் இவை எதுவும் அல்ல. எல்லாரும் ஒரே கடுவனிடம் போகிறோம் என்பதுதான் அது. புதுக்குடியிருப்பிலிருந்து ஒருவர் தன் பெட்டையைப் பற்றிக் கேட்க என்னிடம் வந்திருந்தார். ஈற்றுகளைக் குறித்து வைக்கும் என் கொப்பியைப் புரட்டிப் பார்த்தால், அவருடைய பெட்டைக்கும் நான் அவருக்குப் பரிந்துரைக்க நினைத்த கடுவனுக்கும் தகப்பன் ஒன்றே. ஒரு தகப்பனுக்கு வெவ்வேறு தாய்களிடம் பிறந்தவற்றைச் சேர்த்தால் நெருக்கம் 12.5 சதவீதமாகும். பெயர்பெற்ற ஒரு கடுவன் ஐந்தாறு வருடம் ஒரு வட்டாரம் முழுவதற்கும் உழைத்துவிட்டால், வெளியே போவதாக எண்ணிக்கொண்டு சொந்தத்துக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருப்போம். இதற்கு மருந்து கொப்பிதான்: ஒவ்வொரு ஈற்றுக்கும் தாய், தகப்பன், தகப்பனின் தாய் தகப்பன், குட்டிகள் யாரிடம் போயின என்பதை எழுதி வைத்து, குட்டி வாங்குகிறவருக்கும் ஒரு பிரதி கொடுக்க வேண்டும்.

கடுவனை நம் வீட்டுக்கு அழைத்து வருவது மூன்றாவது வழி. பெரும்பாலான கடுவன்கள் அந்நிய வளவில் தயங்கி நிற்கும், மணம் பிடித்துத் திரிவதிலேயே பொழுது போய்விடும். பெட்டையைக் கடுவனிடம் கொண்டுபோகும் வழக்கம் அதனால்தான் வந்தது. மாடுகளுக்கு ஊரூராக நடக்கும் செயற்கைச் சினைப்படுத்தல் போல நாய்களுக்கு எங்கள் ஊரில் எவரும் செய்வதில்லை என்பதால் அதை ஒப்பீட்டுக்குள் நான் சேர்க்கவில்லை.

எந்த வழியில் போனாலும், சேர்த்துவிட்டு வந்த பின்னரும் பெட்டையை ஹீற் முற்றாக முடியும்வரை அவிழ்த்துவிடக் கூடாது. முட்டைகள் ஒரே நேரத்தில் ஒரே கடுவனுக்கென்று காத்திருப்பதில்லை; யாழ்ப்பாணம்வரை போய்ச் சேர்த்துவிட்டு வந்த மறுநாள் வேலி பாய்ந்த தெருநாயும் அதே ஈற்றில் சில குட்டிகளுக்குத் தகப்பனாகிவிட முடியும்.

என் முடிவு வெளிக் கடுவன் பக்கமே. மூன்று நான்கு பெட்டைகளை, ஒன்றுக்கொன்று சொந்தமில்லாமல், வைத்திருப்பவருக்குச் சொந்தக் கடுவன் பொருந்தலாம். ஒன்றிரண்டு வைத்திருக்கும் என்னைப் போன்றவர்களுக்குப் பொருந்தாது. ரோசியின் மகள் ஜூலிக்கு வருகிற மாசியில் இரண்டு வயது நிரம்புகிறது. அதன் பின்னர் இடுப்பு எலும்புக்கு எக்ஸ்ரே எடுப்பித்து, அது நன்றாக இருந்தால், அதற்கடுத்து வரும் ஹீற்றில் வவுனியாவில் நான் பார்த்து வைத்திருக்கும் ஒரு கடுவனிடம் கொண்டுபோவதாக இருக்கிறேன். அவளுடைய தகப்பன் யாழ்ப்பாணத்துக் கடுவன் என்பதால், இம்முறை பரந்தன் சந்தியில் வடக்கே திரும்பாமல் தெற்கே திரும்புவேன்.