41,500 ரூபாய் போச்சு: குழந்தையை வயலின் கிளாஸில் சேர்க்கப் போகிறவர்கள் படியுங்கள்

நேற்று சாயங்காலம் கடைசியாக ஒரு தடவை நேரில் போய்க் கேட்டுவிட்டு வந்தேன். பணம் வராது என்று தெரிந்துவிட்டது. ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை, அதனால் விடிந்ததும் எழுதுகிறேன். ஈரோடு, பெருந்துறை, கோபி பக்கம் யாராவது சின்னக் குழந்தையை வயலின் கிளாஸில் சேர்க்கலாம் என்று இருந்தால் தயவுசெய்து முழுசாகப் படியுங்கள்.

போனது 41,500 ரூபாய். வருஷ ஃபீஸ் 30,000, வயலினுக்கு 11,500. நான் மஞ்சள் மண்டியில் கணக்கு எழுதுகிறேன். அது சீட்டு எடுத்து வைத்திருந்த பணம்.

பாப்பாவுக்கு அப்போது ஆறரை வயசு. சொந்தத்தில் ஒரு கல்யாண வரவேற்பில் வயலின் கச்சேரி வைத்திருந்தார்கள், இவள் பந்திக்குக்கூட வராமல் மேடை ஓரத்திலேயே நின்றாள். அப்புறம் வீட்டில் எந்நேரமும் ஸ்கேலைத் தோளில் வைத்து இன்னொரு ஸ்கேலால் இழுத்துக்கொண்டிருந்தாள். என் அப்பா, அவள் அப்புச்சிதான் "புள்ளை இத்தனை ஆசைப்படுது, சேர்த்து விடு" என்றார். மாவட்ட அரசு இசைப்பள்ளியில் வயலின் உண்டு, ஆனால் அங்கே 12 வயசு ஆகியிருக்க வேண்டும். ஆக, தனியார் கிளாஸ்தான் வழி.

அந்த இடத்தின் பெயரை நான் சொல்லப் போவதில்லை. மாடியில் ஒரு தளம் முழுக்க வைத்து நடத்துகிற மியூசிக் சென்டர், பாட்டு, கீபோர்டு, கிட்டார், வயலின் எல்லாம் ஒரே கூரையின் கீழ். விஜயதசமி அன்று போனோம். நல்ல நாள், வாசலில் மாவிலைத் தோரணம், உள்ளே சரஸ்வதி படத்துக்கு முன்னால் அவல் பொரி. மாஸ்டர் கீழே சம்மணம் போட்டு உட்கார்ந்து, வயலின் தலைப்பை, அதாவது சுருள் மாதிரி இருக்கிற நுனியை, வலது பாதத்தில் ஊன்றி ஐந்து நிமிஷம் வாசித்தார். நன்றாகவே வாசித்தார், அதில் பொய் சொல்ல மாட்டேன். அப்புறம் பாப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்து, "வா கண்ணு" என்று வில்லை அவள் கையில் கொடுத்து, மேலே தன் கையை வைத்து ஒரு இழுப்பு இழுக்க வைத்தார். ச வந்தது. பாப்பா என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பில்தான் நான் விழுந்தேன். "சின்னப் பசங்களை நான் வேற யாருகிட்டயும் விடறதில்லைங்க, நானேதான் சொல்லித் தருவேன்" என்றார். மாசாமாசம் கட்டினால் 3,500, இன்றைக்கே வருஷத்துக்குச் சேர்த்துக் கட்டினால் 30,000. வயலினும் அங்கேயே எடுத்தாக வேண்டும், வெளியே வாங்கினால் "டோன் சரியா இருக்காதுங்க". அங்கேயே நின்று போனில் 41,500 அனுப்பினேன்.

அந்த மாஸ்டரை அப்புறம் நாலு மாசத்தில் பாப்பா ஒரு தடவைகூட வகுப்பில் பார்க்கவில்லை.

வந்தது காலேஜ் படிக்கிற ஒரு பையன். அவனைக் குற்றம் சொல்ல மனசு வரவில்லை, அவனே அங்கே ரெண்டு வருஷமாகத்தான் கற்றுக்கொள்கிறானாம். ஒரு அறையில் ஒன்பது குழந்தைகள், எல்லாரும் பிளாஸ்டிக் நாற்காலியில். போனில் சுருதி ஓடும், ஒன்பது வயலினும் ஒன்பது சுருதியில் இருக்கும், கூட்டிச் சேர்த்துத் தர ஆள் கிடையாது. நாலு மாசத்தில், ஆரம்பப் பாடமான சரளி வரிசையில் முதல் வரிசையைத் தாண்டவில்லை. நிதானமாகச் சொல்லிக்கொடுப்பது தப்பில்லை, அது எனக்கும் தெரியும். ஆனால் அந்த முதல் வரிசையே தப்பாகப் பதிந்துபோனதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

அது எப்படித் தெரிந்தது என்றால், மண்டிக்கு வருகிற ஒருவர் சொல்லி, கோபி பக்கம் ஒரு பெரியவரிடம் பாப்பாவைக் காட்டினேன். அவர் முதலில் வாசிக்கச் சொல்லவே இல்லை. இடது கையை நீட்டச் சொல்லி, வயலினைத் தோளில் வைத்து, அதன் தலைப்பு எங்கே வருகிறது என்று பார்த்தார். உள்ளங்கைக்கு வர வேண்டியது விரல் நுனிப் பக்கம் போய் நின்றது. "அம்மணி, இது அரை சைஸுங்க. பாப்பாவுக்குக் கால் சைஸே தாராளம்" என்றார். வயலினில் கால், அரை, முக்கால், முழுசு என்று அளவு உண்டு, காலுக்குக் கீழேயும் உண்டு, கை நீளத்தைப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். இவர்கள் பள்ளிக்கூட யூனிஃபார்ம் மாதிரி வளர்கிற அளவுக்கு எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். சுண்டுவிரல் எட்டாமல் பாப்பா மணிக்கட்டை மடக்கி வயலின் கழுத்தில் முட்டுக்கொடுத்துப் பழகிவிட்டாள். வில் பிடிக்கிற கையில் கட்டைவிரல் குச்சி மாதிரி விறைத்து நின்றது. பெரியவர் அவள் விரலைத் திருப்பிக் காட்டினார். தந்திகளைத் தாங்குகிற மரத்துண்டு, அதைக் குதிரை என்பார்களாம், அது உயரமாக இருந்ததால் தந்தி விரல் வைக்கிற பலகையை விட்டு மேலே தூக்கி நிற்கிறதாம், அதை அழுத்தி அழுத்தி அந்தப் பிஞ்சு விரல் நுனியில் கறுப்பாகக் கோடு விழுந்திருந்தது. தினமும் அந்தக் கையைப் பிடித்துத்தான் சோறு ஊட்டுகிறேன். கம்பி பட்டால் அப்படித்தான் இருக்கும் என்று விட்டிருந்தேன்.

அதே வாரம்தான் ஆண்டு விழா. வில்லின் முடியில் தேய்க்கிற பிசினான ரோசினைத் தடவாமல் கொண்டு வரச் சொன்னார்கள். ரோசின் இல்லாத வில் தந்தியில் வழுக்கும், சத்தம் வராது. குழந்தைகள் மேடையில் சும்மா இழுக்க, பின்னால் ரெக்கார்டு ஓடியது. கீழே எல்லாரும் வீடியோ எடுத்துக் கைதட்டினார்கள். "அம்மா, நான் வாசிக்கவே இல்லையே" என்று பாப்பா காரில் கேட்டாள்.

மறுநாளே போய்விட்டேன். மொத்தமும் வேண்டாம், மிச்சம் எட்டு மாசத்துக்கு 20,000 கொடுங்கள், வயலினையும் எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். "மாஸ்டர் ரெக்கார்டிங்ல இருக்காருங்க." அடுத்த வாரம், "சென்னை போயிருக்காருங்க." அப்புறம், "ரீஃபண்டுக்கு சிஸ்டத்துல ஆப்ஷனே இல்லீங்க, வேணும்னா கீபோர்டுக்கு மாத்திக்கறீங்களா?" வாட்ஸ்அப்பில் போட்டால் நீல டிக் வரும், பதில் வராது. ஒரு நாள் குரூப்பிலிருந்தே தூக்கிவிட்டார்கள்.

நேற்று மாஸ்டரே இருந்தார். என்னை நிற்க வைத்தே பேசினார். "பாப்பாவுக்கு ஆர்வம் இல்லீங்க. வீட்டுல நீங்க உட்கார வெச்சுப் பழக்கணும், அதைச் செய்யாம எங்களைச் சொன்னா எப்படிங்க?" ஸ்கேலை வைத்து வாசித்த குழந்தைக்கு ஆர்வம் இல்லையாம். 41,500 ரூபாயைக்கூட ஒரு நாள் மறந்துவிடுவேன், இந்தப் பேச்சை மறக்க மாட்டேன். வெளியே வந்து, அதே மாதிரி வயலின் என்ன விலை என்று கோவையில் ஒரு கடைக்குப் போன் போட்டேன். பெட்டி, வில், ரோசினோடு 4,800 என்றார்கள்.

எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், மண்டிக்கு நேரமாகிவிட்டது. வாசித்துக் காட்டுகிறவர்தான் சொல்லித் தருவாரா என்று கேளுங்கள், வாய் வார்த்தையை நம்பாமல் நடக்கிற வகுப்பில் அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். உட்கார விடவில்லை என்றால் எழுந்து வந்துவிடுங்கள். வருஷ ஃபீஸ் கட்டவே கட்டாதீர்கள், விஜயதசமியாக இருந்தாலும் சரி. குழந்தையின் கையை அளந்து பார்க்காமல் வயலின் எடுத்துக் கொடுப்பவரிடம் வாங்காதீர்கள். ரசீது கேளுங்கள். எனக்குக் கொடுத்தது பெயர்கூட இல்லாத துண்டுச் சீட்டு, நல்லவேளையாகப் பணம் போனில் போனதால் அதற்குச் சாட்சி இருக்கிறது.

நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து புகார் பதிந்துவிட்டேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரைக்கும் வழக்குக்குக் கட்டணம் கிடையாது, திங்கட்கிழமை லீவு சொல்லிவிட்டு அங்கே போகிறேன். பெரியவர் ஆறு மாசம் வில்லைத் தொடாமல் பாட்டு மட்டும் கற்றுக்கொள்ளட்டும், தப்பான பழக்கத்தைக் கை மறக்க வேண்டும் என்றார். வயலின் பெட்டி பீரோ மேலே இருக்கிறது. ஸ்கேலையும் பாப்பா இப்போது எடுப்பதில்லை.