உறைந்தும் உறையாத கடலில் எதை நம்பிப் போவது?

கனடாவின் லாப்ரடார் கடற்கரையில், வடதுருவப் பகுதிப் பழங்குடியினரான இனுவிட்டுகள் வாழும் நைன் என்ற ஊருக்குச் சாலை கிடையாது. அதற்குத் தெற்கே நேர்கோட்டில் ஏறக்குறைய 150 கி.மீ. தொலைவில் இருக்கும் ஹோப்டேலுக்கும் கிடையாது. குளிர்காலத்தில் உறைந்த கடல்தான் அவர்களுக்குச் சாலை. கோடையில் அதே கடலில் படகு ஓடும். இரண்டும் இயலாத நாட்களில் சிறு விமானம் உண்டு. இந்த ஏற்பாட்டில் எந்தப் பயணமுறை மேலானது என்று கேட்பவர்கள் வழக்கமாக வேகத்தையும் செலவையும் கணக்கிடுகிறார்கள். கடல் தாமதமாக உறைந்து சீக்கிரமே உருகும் இக்காலத்தில், வண்டியும் ஓடாத படகும் நகராத இடைப்பட்ட வாரங்களில் எது கைகொடுக்கிறது என்பதையே முதல் அளவுகோலாகக் கொள்ள வேண்டும் என்பது என் கருத்து.

அந்த அளவுகோலில் விமானம் எளிதாக வென்றுவிடுவதுபோலத் தோன்றும். கடல் எந்த நிலையில் இருந்தாலும் அதற்குக் கவலையில்லை. மூடுபனியும் பலத்த காற்றும்தான் பெரிய தடை. ஆனால் கட்டணம் அதிகம். அதைவிடப் பெரிய குறை, விமானம் ஓர் ஊரில் ஏற்றி இன்னோர் ஊரில் இறக்கிவிடுவதோடு சரி. பனிவழியில் போகிறவருக்கோ வழியெல்லாம் வேலை இருக்கிறது: கடல்நாய் (சீல்) வேட்டைக்கு நிற்பார், மீன் பிடிப்பார், நடுவழிக் குடிலில் தங்கி விறகு சேர்ப்பார். உணவுக்கு இன்னமும் வேட்டையை நம்பியிருக்கும் குடும்பத்துக்கு விமானம் மாற்று வழியாகாது.

படகின் கதை வேறு. பனியில்லாத நாட்கள் கூடுவதால் படகுக்கு ஆதாயம் என்பது பாதி உண்மைதான். பரந்த பனிப்பரப்பு அலையை அடக்கி வைக்கும். அது வரத் தாமதமானால் இலையுதிர்காலப் புயல்கள் திறந்த கடலில் அலைகளை எழுப்பிவிடும், சிறு படகுகளால் அதைத் தாங்க முடியாது. 2019 முதல் லாப்ரடாரின் கூஸ் பே துறைமுகத்திலிருந்து நைன் வரை கோடையில் ஓடும் கப்பலுக்கு ‘கமுட்டிக் டபிள்யூ’ என்று பெயர். கமுட்டிக் என்றால் இனுவிட் மொழியில் சறுக்குவண்டி. குளிர்காலத்து வண்டியின் பெயரைச் சூட்டிக்கொண்ட அந்தக் கப்பல், பனி பிடிக்கத் தொடங்கியதும் விடைபெற்றுக்கொள்கிறது.

உண்மையான போட்டி, பனியில் ஓடும் மோட்டார் வண்டியான ஸ்னோமொபைலுக்கும் நாய்கள் இழுக்கும் சறுக்குவண்டியான நாய்வண்டிக்கும் இடையில்தான். 1960களில் பரவத் தொடங்கிய ஸ்னோமொபைல், நாய்வண்டிக்கு நாட்கணக்கில் பிடித்த தொலைவைச் சில மணி நேரத்தில் கடந்தது. நாய்களுக்கோ ஓடாத நாளிலும் தீனி போட வேண்டும். நாய்வண்டி மறைந்ததற்கு இந்த வசதி மட்டும் காரணமல்ல. 1950களிலும் 60களிலும் கனடியக் காவல்துறையினர் இனுவிட்டுகளின் நாய்களைச் சுட்டுக் கொன்றதற்காக, பாஃபின் தீவுப் பகுதி மக்களிடம் அந்நாட்டு அரசு 2019இல் மன்னிப்புக் கேட்டது. ஆகவே இந்தப் போட்டி நியாயமாக நடந்து முடிந்த ஒன்று என்று சொல்லிவிட முடியாது.

மெல்லிய பனியில் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு அப்பட்டமாகத் தெரியும். மரங்களற்ற வடக்கில் நாய்களை விசிறிபோலப் பூட்டுவார்கள். ஒவ்வொன்றுக்கும் தனிக் கயிறு. பாரம் பரவலாக விழுகிறது. ஒரு நாய் தண்ணீரில் விழுந்தாலும் கயிற்றைப் பிடித்துத் தூக்கிவிடலாம். காலடியில் பனி இளகுவதை உணர்ந்து முன்னால் ஓடும் நாய் தயங்கும், விலகும். ஸ்னோமொபைலுக்குத் தயக்கம் தெரியாது. ஓர் ஆளின் எடையைப்போல் மூன்று மடங்குக்கு மேல் கனக்கும் அந்த இயந்திரம், பனி உடைந்தால் முதலில் மூழ்கும். நடுவழியில் பழுதானால், உண்டு பிழைக்க இறைச்சியும் ஆகாது, உறங்க வெதுவெதுப்பும் தராது.

அதற்காக நாய்வண்டியே தீர்வு என்று கொண்டாடவும் முடியவில்லை. 2019 ஜூன் 13 அன்று, வடமேற்குக் கிரீன்லாந்தின் கானாக் ஊருக்கு அருகே எடுக்கப்பட்ட ஒரு படத்தில், நாய்கள் கணுக்கால் அளவு நீரில் வண்டியை இழுத்துக்கொண்டு ஓடுகின்றன. அடியில் பனி ஒரு மீட்டருக்கு மேல் கனமாகவே இருந்தது. விரிசல்கள் இல்லாததால் உருகிய நீர் வடிய வழியின்றி மேலே தேங்கிவிட்டது. பனியின் காலம் குறைந்தால் வேட்டை குறையும். வேட்டை குறைந்தால் நாய்களுக்குத் தீனி இருக்காது. கிரீன்லாந்தில் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் 25,000 அளவில் இருந்த வண்டி நாய்கள், இருபது ஆண்டுகளில் ஏறக்குறையப் பாதியாகிவிட்டன.

எனவே நடைமுறையில் நிலைத்திருக்கப்போவது ஸ்னோமொபைல்தான். நாயிடம் இருந்த முன்னுணர்வை அதற்கு எங்கிருந்து தருவது என்பதே மிச்சமுள்ள கேள்வி. பழைய விடை உனாக் என்ற இரும்பு முனைத் தடி. ஒரே குத்தில் அது உள்ளே இறங்கினால் வந்த தடத்திலேயே திரும்ப வேண்டும். செயற்கைக்கோள் படம் பனி எங்கே இருக்கிறது என்று காட்டும். பனிப்போர்வையின் கீழே நீரோட்டம் அரித்து மெல்லிதாக்கிய இடத்தை அதனால் நம்பகமாகச் சொல்ல முடியாது. வழக்கத்துக்கு மாறாக வெப்பமாக இருந்த 2009-10 குளிர்காலம் நைன் மக்களை உலுக்கிய பிறகு, அந்த ஊரிலிருந்து தொடங்கிய முயற்சியே ஸ்மார்ட்ஐஸ். உப்புநீரில் மின்சாரம் பாயும், பனியில் பெரும்பாலும் பாயாது என்ற வேறுபாட்டைக் கொண்டு பனியின் கனத்தை அளக்கும் மின்காந்தக் கருவியைச் சறுக்குவண்டியில் ஏற்றி, ஸ்னோமொபைலின் பின்னால் இழுத்துச் செல்கிறார்கள். ஓட்டுபவர்கள் உள்ளூர்க்காரர்கள், எந்தத் தடத்தை அளக்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பவர்களும் அவர்களே.

உள்ளூர்க்காரர் அறிவோடு பனியை அளந்தபடி போகும் இந்த ஸ்னோமொபைலைத்தான் நான் முதலிடத்தில் வைப்பேன். 1985 முதலான தரவுகளை வைத்துக் கனடாவின் இனுவிட் ஊர்ப் பாதைகளை அலசி 2019இல் வெளியான ஓர் ஆய்வும், பயணம் சாத்தியமாவதைத் தட்பவெப்ப மாற்றத்தைவிடப் பயணியின் அனுபவமும் தளவாடமுமே அதிகம் தீர்மானிக்கின்றன என்ற முடிவுக்கு வந்தது. இருந்தாலும் கருவிக்கு ஓர் எல்லை உண்டு. தான் ஓடிய தடத்துக்கு அடியில் உள்ள பனியை மட்டுமே அது அளக்கிறது; வேட்டைக்காகத் தடத்தைவிட்டுப் பத்து மீட்டர் விலகுபவரின் கையில் உனாக் இருந்தாக வேண்டும்.