ஒருநாள் மலாக்கா பஸ் பயணம்: இடம் சரி, நேரம்தான் தலைகீழ்

பெஸ்தாரி ஜெயாவிலிருந்து (பெருசுகளுக்கு இன்றும் பத்தாங் பெர்ஜுந்தைதான்) பள்ளி விடுமுறைக்குக் கிளம்பும் ஒருநாள் மலாக்கா பஸ்களின் அட்டவணை எல்லாம் ஏறக்குறைய ஒரே அச்சு. காலை 6 மணிக்குப் புறப்பாடு, 9.30க்கு அ ஃபமோசா கோட்டை, 12க்குப் போர்த்துக்கீசியக் குடியிருப்பில் சாப்பாடு, 3க்கு விநாயகர் கோயில், பிறகு கடைத்தெரு, வீடு. ஐந்துக்கு மூன்று மதிப்பெண் கொடுக்கலாம். இடங்களில் குறையில்லை, அடுக்கிய வரிசையில்தான் கோளாறு.

உஜோங் பாசிரில் கடலோரமாக இருக்கும் அந்தக் குடியிருப்பில் மீன் கடைகள் பெரும்பாலும் சாயங்காலம்தான் அடுப்பு மூட்டும். நடுப்பகலில் போனால் வெறும் சதுக்கமும் கொளுத்தும் வெயிலும்தான். விநாயகர் கோயிலோ மதியம் நடை சாத்திவிட்டு மாலையில்தான் திறக்கும். ஆக, இரண்டு இடத்திலும் மூடிய கதவைப் பார்த்துவிட்டுத்தான் திரும்ப வேண்டும்.

மாற்றிப் போட்டால் தீர்ந்தது. தூரம் ஏறக்குறைய 200 கிலோமீட்டர். சிரம்பானில் பஸ்ஸின் 44 பேரும் கழிவறை போய் வர அரை மணி பிடிக்கும். 9.30க்கு முதலில் ஜாலான் துக்காங் எமாஸில் ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி கோயில். 1781இல் செட்டித் தலைவருக்கு டச்சுக்காரர்கள் கொடுத்த நிலத்தில் எழுந்தது. நாட்டின் மிகப் பழைய இந்துக் கோயில்களில் ஒன்று. அதே தெருவில் கம்போங் கிளிங் பள்ளிவாசல், சற்றுத் தள்ளி செங் ஹூன் தெங் சீனக் கோயில். பெரிய பஸ் இந்தச் சந்துகளுக்குள் நுழையாது. வெளியே இறங்கி நடக்க வேண்டும், நடக்க முடியாதவர்களுக்கு பெச்சா (மூன்று சக்கர மிதிவண்டி) பேசிக்கொள்ளலாம்.

அடுத்து காஜா பெராங்கில் உள்ள செட்டி கம்பம், அதாவது செட்டிகளின் கிராமம். இதை விட்டுவிடும் ஏற்பாட்டாளர்களை மன்னிக்கவே முடியாது. இந்தச் செட்டிகள் மலாக்கா சுல்தான் காலத்தில் வந்து தங்கிய தமிழ் வணிகர்களின் வழிவந்தவர்கள்; வீட்டில் பேசுவது மலாய், கும்பிடுவது மாரியம்மனை. அவர்களின் அருங்காட்சியகம் சிறியது. ஆனால் குழுவாகப் போனால் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். 44 பேரும் ஒரே நேரத்தில் நுழைந்தால் யாருக்கும் எதுவும் தெரியாது. இரண்டாகப் பிரித்து அனுப்புங்கள்.

சாப்பாடு ஜாலான் பெண்டஹாரா பக்கத்து லிட்டில் இந்தியாவில் வாழையிலையில் முடியட்டும். வெயில் உச்சியில் பழைய டச்சு நிர்வாகக் கட்டடமான ஸ்தாதுய்ஸ் அருங்காட்சியகம். நாலரைக்கு மேல் செயின்ட் பால் குன்று. படி செங்குத்து. மூட்டு வலிக்காரர்கள் கீழே கோட்டை வாசலிலேயே உட்காரட்டும். 1511இல் போர்த்துக்கீசியர் நகரைப் பிடித்துக் கட்டிய கோட்டையில் மிஞ்சியது அந்த ஒரு வாசல்தான், அதைப் பார்க்க மேலே ஏற வேண்டியதில்லை.

6 மணிக்குப் போர்த்துக்கீசியக் குடியிருப்பு. மலாக்காவில் பொழுது சாய 7 மணி தாண்டும், அதுவரை கடற்காற்று. மீனை எடை போட்டுத்தான் விலை சொல்வார்கள். சியாக்காப் மீனைத் தட்டில் வைத்த பிறகு விலை கேட்பதில் பயனில்லை, நிறுக்கும்போதே கேளுங்கள். இங்குள்ளவர்களின் டெபல் கறி நம் குழம்பு மாதிரி தெரியும், ஆனால் கடுகும் வினிகரும் தூக்கலாக இருக்கும். புளிப்பு கெட்டுப்போனதால் வந்ததில்லை. என்ன இறைச்சி என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். சைவக்காரர்களுக்கு இங்கே ஒன்றும் தேறாது, கங்கோங் கீரையில்கூட பெலாச்சான் (இறால் விழுது) இருக்கும். அவர்களுக்கு மதியமே பொட்டலம் கட்டிக்கொள்வது நல்லது. ஜூன் 29ஐ ஒட்டி சான் பெத்ரோ திருவிழா. படகு அலங்காரம் பார்க்கலாம், பஸ் நிறுத்த இடம் கிடைக்காது.

பணக் கணக்கு. வாடகை பஸ்ஸுக்குத்தான், ஆளுக்கில்லை. 44 பேருக்குப் போட்ட கணக்கோடு 30 பேர் கிளம்பினால் தலைக்கு விழும் வாடகை ஏறக்குறைய அரை மடங்கு கூடும். அதனால் பெயர் கொடுக்கும்போதே பஸ் பங்கை முழுதாக வாங்கிவிட வேண்டும். சாப்பாட்டுக் காசை அன்றைக்கு வாங்கினால் போதும். டோலும் ஓட்டுநர் சாப்பாடும் வாடகையில் சேர்த்தியா என்று எழுத்தில் கேளுங்கள். 8 மணிக்குக் கிளம்பினால் வீடு சேர 11 தாண்டும். ஒரே ஓட்டுநர் 17 மணி நேரம் தாங்க மாட்டார், இரண்டாமவர் உண்டா என்பதைப் பஸ் நிறத்தைக் கேட்பதற்கு முன் கேளுங்கள்.

எந்த நாள்? ஞாயிறு இரவு வடக்கே திரும்பும் நெடுஞ்சாலை சிரம்பானிலிருந்து நெரியும். மறுநாள் காலை பெரட்டுக்கு (தோட்டத்தில் பெயர் கூப்பிடுவதற்கு) போகிறவர்கள் பாவம். சனிக்கிழமையே மேல். ஒரு நாள் கூலி போகும், தூக்கம் மிஞ்சும். ஜோங்கர் இரவுச் சந்தை வெள்ளி, சனி, ஞாயிறு மாலைகளில்தான். மீனும் சந்தையும் ஒரே மாலையில் சேராது, ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

சிஞ்சாலோக் (நொதிக்க வைத்த சின்ன இறால்) வாங்குபவர்களுக்கு: உள்ளே நொதித்துக்கொண்டே இருக்கும், பஸ் சூட்டில் மூடி எகிறும். இரண்டு பிளாஸ்டிக் பையில் கட்டி, நிமிர்த்தி, காலடியில் வையுங்கள். தலைக்கு மேல் தட்டில் வேண்டாம்.