வெள்ளைப் புட்டிக்குள் எந்த எண்ணெய்? ஐசியுவில் லிப்பிட்: நீண்டநாள் பயன்பாட்டுக் குறிப்பு

ரத்த நாளம் வழியாக ஏற்றும் 20% லிப்பிட் (எண்ணெயை நுண்துளிகளாக நீரில் கலந்த கொழுப்புப் பால்மம்) எல்லாமே பார்க்க ஒரே வெள்ளை, மில்லிக்கு 2 கிலோகலோரி. வித்தியாசம் எண்ணெயில்தான்.

இன்ட்ராலிப்பிட் என்ற தயாரிப்பு முழுக்கச் சோயா எண்ணெய். அதில் பாதிக்கு மேல் லினோலெயிக் அமிலம். உடலில் அது அராக்கிடோனிக் அமிலமாகி நோயெதிர்ப்பு அணுக்களின் சவ்வில் ஏறும். அதிலிருந்து வரும் புரோஸ்டாகிளாண்டின் ஈ2 டி அணுக்கள் என்ற வெள்ளணுக்கள் பெருகுவதை அடக்கும். அதிலிருந்தே வரும் லூக்கோட்ரையீன் பி4 நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்களைக் கூட்டி அழற்சியை வளர்க்கும். ஸ்மோஃப்லிப்பிட்டில் சோயா 30%, எம்சிடி (நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு) 30%, ஆலிவ் 25%, மீன் எண்ணெய் 15%. மீன் எண்ணெயின் இபிஏ என்ற கொழுப்பு அமிலம், அராக்கிடோனிக் அமிலத்தை மாற்றும் அதே நொதிகளுக்குப் போட்டி போடுவதால் வீரியம் குறைந்த லூக்கோட்ரையீன் பி5 உருவாகிறது. டிபிஎன் (முழு ஊட்டத்தையும் ரத்த நாளம் வழியாகவே தருவது) ஒரு வாரத்தைத் தாண்டும் என்றால் நாலெண்ணெய்க் கலவையே மேல்.

ஆனால் வேகம் தப்பினால் எந்தப் புட்டியும் கெடுதிதான். 60 கிலோ ஆளுக்கு, கிலோவுக்கு 1 கிராம் வீதம், நாளைக்கு 300 மில்லி. 12 மணி நேரத்தில் விட்டால் மணிக்கு 25 மில்லி. அவசரப்பட்டு 6 மணி நேரத்தில் முடித்தால் மணிக்கு 50 மில்லி; கிலோவுக்கு மணிக்கு 0.11 கிராம் என்ற வரம்போ 33 மில்லியிலேயே முடிந்துவிடுகிறது. மிஞ்சிய துளிகளைக் கல்லீரலில் கிருமிகளைத் தின்னும் குப்ஃபர் அணுக்கள் விழுங்கும். கொழுப்பில் வயிறு நிறைந்த அணு கிருமியைச் சரியாகத் தின்னாது. மற்ற ஊட்டத்தோடு கலக்காத தனிப் புட்டி என்றால் 12 மணி நேரத்தில் குழாயோடு மாற்றிவிட வேண்டும். லிப்பிட்டில் கிருமி நன்றாகவே வளரும். 1.2 மைக்ரான் வடிகட்டியை மறக்க வேண்டாம்.

பலரும் கோட்டைவிடுவது புரோபோஃபால் என்ற மயக்க மருந்தில். அந்த 1% மருந்தே 10% கொழுப்புப் பால்மத்தில்தான் வருகிறது (சில தயாரிப்புகளில் சோயாவோடு எம்சிடியும் உண்டு). மணிக்கு 20 மில்லி ஓடினால் நாளைக்கு 48 கிராம் கொழுப்பு. அதைக் கழிக்காமல் லிப்பிட்டையும் முழுசாகப் போட்டால் ரத்தத்தில் டிரைகிளிசரைடு என்ற கொழுப்பு ஏறும்; லிட்டருக்கு 4.5 மில்லிமோல் தாண்டினால் குறைக்கவோ நிறுத்திவைக்கவோ வேண்டும். லிப்பிட் ஓடும் லைனிலேயே ரத்தம் எடுத்தால் வரும் எண் பொய். சீரம் பாலாக இருந்தால் சோடியமும் பொய்யாக இறங்கித் தெரியும்.

பயந்துபோய்க் கொழுப்பையே நிறுத்திவிடுவதும் தப்பு. அத்தியாவசியக் கொழுப்பு அமிலம் குறைந்து 2 முதல் 4 வாரத்தில் தோல் செதிலாக உரியத் தொடங்கும்.

கோலாலம்பூர் வெக்கையில் ஏர்கோன் இல்லாத ஸ்டோர் ஆகாது. 25 டிகிரிக்குள் வைக்க வேண்டும், உறையவும் விடக்கூடாது. மேலே ஆடை மட்டும் கட்டியிருந்தால் மெதுவாகப் புரட்டினால் கலந்துவிடும். மஞ்சள் எண்ணெய் வளையம் தெரிந்தால் பால்மம் முறிந்துவிட்டது, குப்பைக்குத்தான். சைவக் குடும்பங்களிடம் மீன் எண்ணெயைப் பற்றி முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சோயாப் புட்டிக்கு மாறினாலும் முட்டை பாஸ்போலிப்பிட் அதிலும் உண்டு.