இம்ப்ளான்ட் பல் போட்டவர்களே, கம்பெனி பெயரைக் கேட்டு வாங்கிவிடுங்கள்

போன தீபாவளிக்கு மறுநாள் முறுக்கைக் கடித்தபோது கீழ் வரிசையில் வலப்பக்கக் கடைவாய்ப் பல் லேசாக ஆடியது. வலி இல்லை. நாக்கால் தள்ளினால் ‘டிக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். 2017இல் 32,000 ரூபாய் கொடுத்து வைத்த இம்ப்ளான்ட் பல் அது. “உங்களுக்கு மரை கழன்றது இப்பத்தான் தெரியுதா?” என்றாள் மனைவி. கேலியாகச் சொன்னாளே தவிர, கோளாறு என்ன என்பதை எந்த டாக்டருக்கும் முன்னால் சரியாகச் சொன்னது அவள்தான்.

எலும்புக்குள் டைட்டானியம் திருகு ஒன்று இருக்கும். அதன்மேல் அபட்மென்ட் என்ற இணைப்புத் துண்டு, அதற்கு மேல் பல் வடிவில் கேப். அபட்மென்டைப் பிடித்து நிறுத்துவது நெல்மணி அளவுகூட இல்லாத ஒரு ஸ்க்ரூ. அது தளர்ந்தால் அபட்மென்டும் கேப்பும் சேர்ந்து ஆடும். முடுக்கினால் சரியாகிவிடும். ஆனால் ஸ்க்ரூவின் தலை ஒரு கம்பெனிக்கு அறுகோணம், இன்னொன்றுக்கு நட்சத்திரம். அறுகோணத்திலேயே 1.2 மில்லிமீட்டரும் உண்டு, 1.25ம் உண்டு. நான் துவாக்குடியில் ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறையில் இருபத்திரண்டு வருடம் இருந்தவன். ஒரு நூல் சிறிய ஆலன் கீயைப் போட்டுத் திருகினால் போல்ட்டின் தலை என்ன கதியாகும் என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.

பல் வைத்த கிளினிக்கைத் தேடிப் போனேன். அந்த இடத்தில் இப்போது ஜவுளிக்கடை. பழைய பில்லை எடுத்துப் பார்த்தால் “இம்ப்ளான்ட் – 1” என்று மட்டும் இருக்கிறது. “ஜெர்மன் ஐட்டம் சார், ஆயுசுக்கும் வாரண்டி” என்று வாயால் சொன்னதோடு சரி. நானும் தலையாட்டிவிட்டு வந்திருக்கிறேன்.

அப்புறம் போனது வீட்டுப் பக்கத்துக் கிளினிக். போர்டு பெரிசு, ஏசி குளுகுளு. எக்ஸ்ரே எடுக்கவில்லை. எந்தக் கம்பெனி என்று கேட்கவும் இல்லை. கேப்பின் நடுவில் துளை போட்டு, கையில் இருந்த டிரைவரை விட்டுத் திருகினார். நழுவுவது எனக்கே தாடையில் தெரிந்தது. “முடிஞ்சது சார்.” 1,500 ரூபாய். பதினோராம் நாள் மறுபடி ஆட்டம். திரும்பப் போனபோது இன்னும் அழுத்தித் திருகியதில் ஸ்க்ரூவின் தலை மொத்தமாக மழுங்கிவிட்டது. அதற்கும் 1,500 வாங்கிக்கொண்டார். அதன் பிறகு சொன்னார் பாருங்கள்: “இம்ப்ளான்டே போச்சு சார். எடுத்துட்டு புதுசு வைக்கணும். 45,000 ஆகும். எலும்பு வைக்கிறது தனி.” அதுவரை ஒரு எக்ஸ்ரேகூட எடுக்காதவர்! எதை வைத்துச் சொன்னார் என்று கேட்டேன். “அனுபவம்” என்றார்.

பட்டறை நண்பர் ஒருவர் கைகாட்டிய வயதான டாக்டர் ஒருவரிடம் போனேன். முதல் வேலையாக எக்ஸ்ரே எடுத்தார். திரையில் காட்டினார்: திருகைச் சுற்றி எலும்பு இடைவெளியே இல்லாமல் ஒட்டியிருந்தது. இம்ப்ளான்டே ஆடினால் சுற்றிலும் கறுப்பாக ஒரு கோடு தெரியுமாம், கடித்தால் பெரும்பாலும் வலிக்குமாம். “இதுக்கு ஒண்ணும் ஆகலை. ஸ்க்ரூவைத்தான் பாழாக்கி வெச்சிருக்காங்க” என்றார். அந்தப் பக்கம் மெல்லவே கூடாது என்று கண்டிப்பு. ஆடும் ஸ்க்ரூ உள்ளேயே முறிந்தால் அதை எடுப்பது பெரும்பாடு.

படத்தை இரண்டு மூன்று கம்பெனி விற்பனைப் பிரதிநிதிகளுக்கு அனுப்பினார். ஒருவர் அடையாளம் சொல்ல ஒரு வாரம் ஆனது. பல கம்பெனிகள் ஒரே மாதிரி உட்புறத்தைச் செய்வதால் படத்தில் எல்லாம் அண்ணன் தம்பி போல இருக்குமாம். பொருந்துகிற மாதிரி தெரியும் வேறு ஸ்க்ரூவைத் திணித்தால் உள் மரை போய்விடும், அப்போதுதான் உண்மையிலேயே இம்ப்ளான்ட் வீண். மழுங்கிய தலையில் பர் என்ற மெல்லிய குடையும் முனையால் ஒரு கோடு கீறி, தட்டை டிரைவரால் இடப்பக்கமாகத் திருப்பி எடுத்தார். நாற்பது நிமிடம் வாயைப் பிளந்து கிடந்தேன். புது ஸ்க்ரூவை, முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில் 30 நியூட்டன் சென்டிமீட்டருக்கு முடுக்கி, பத்து நிமிடம் உட்கார வைத்து மறுபடியும் அதே அளவுக்கு முடுக்கினார். துளையில் குழாய்க்காரர் சுற்றும் அதே வெள்ளை டெஃப்லான் டேப், மேலே பல் நிற அடைப்பு. மொத்தம் 6,500.

ஜெர்மனும் இல்லை ஒன்றும் இல்லை என்பது கம்பெனி பெயர் தெரிந்ததும் புரிந்தது. அது போகட்டும். இம்ப்ளான்ட் டப்பாவில் பெயர், அளவு, லாட் எண் எல்லாம் அச்சிட்ட ஸ்டிக்கர் இருக்குமாம். உரித்து நோயாளியின் அட்டையில் ஒட்டுவதற்காகவே வைப்பது. பல் வைக்கும் அன்றே அதைக் கேளுங்கள். ஏற்கெனவே வைத்தவர்கள், அந்தக் கிளினிக் இருக்கும்போதே போய் எழுதி வாங்கிவிடுங்கள்.

நடுவில் 3,000 பிடுங்கியவருக்குப் பதிவுத் தபாலில் கடிதம் போட்டிருக்கிறேன், பதில் இல்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் தர இரண்டு வருடம் அவகாசம் உண்டு. நாம் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணமும் கிடையாது. இந்த மாதக் கடைசி வரை பார்ப்பேன். இதற்கிடையில் அந்தக் கிளினிக்கிலிருந்து எனக்குப் பிறந்தநாள் வாழ்த்து வந்தது, இம்ப்ளான்டுக்கு 20 சதவீதம் தள்ளுபடியாம்.