டிரவுட் பிறக்கும் ஓடையில் பண்ணை டிரவுட் விடலாமா?

எங்கள் தூண்டில் குழுவின் பொறுப்பில் ஒரு சின்ன ஓடை இருக்கிறது. பழுப்பு டிரவுட் என்ற குளிர்நீர் மீன் அதில் தானாகவே முட்டையிட்டுப் பெருகுகிறது. இருந்தும் வருஷா வருஷம் வசந்த காலத்தில் லாரி வரும், தொட்டியில் வளர்ந்த டிரவுட்டை இறக்கும். மூன்று வருஷத்துக்கு முன்பு அதை நிறுத்திவிட்டு, அந்தப் பணத்தைக் கரையைச் சரிசெய்யச் செலவழித்தோம். இரண்டையும் செய்து பார்த்தவன் என்ற முறையில் நான் நிறுத்தியவர்கள் பக்கம்.

பண்ணை மீனுக்கும் நியாயம் உண்டு. விட்ட மறுநாளே தூண்டிலில் மாட்டும், புதிதாகப் பழகுகிறவர்கள் வெறுங்கையோடு திரும்ப மாட்டார்கள். சரி, இதில் வாதமே இல்லை.

என்னை முடிவெடுக்க வைத்தது ஒரே கேள்விதான்: போட்ட பணத்தில் அடுத்த வருஷத்துக்கு என்ன மிஞ்சுகிறது? தொட்டி மீன் மேலிருந்து விழும் தீனிக்குப் பழகியது. கல்லுக்குப் பின்னால் நீர் தணியும் இடத்தில் ஒதுங்கி நின்று, அடித்து வரும் பூச்சியை மட்டும் எட்டிப் பிடிக்க அதற்குத் தெரியாது. நீரோட்டத்தோடு மல்லுக்கட்டி இளைத்துப்போகும். பிடிபட்டது போக, குளிர்காலம் தாண்டுவது சொற்பம். ஆகவே லாரி மறுபடி வர வேண்டும், அடுத்த வருஷமும் அப்படியே. முடிவே இல்லாத செலவு இது.

செலவு மட்டும் என்றாலும் பொறுத்துக்கொள்ளலாம். வந்த கூட்டம் ஓடை மீனின் இடத்தையும் கலைக்கிறது. நல்ல இடம் யாருக்கு என்று ஓடை மீன்களுக்குள் ஒரு வரிசை உண்டு. திடீரென்று நூற்றுக்கணக்கில் மீன் இறங்கினால் அது குலைந்துபோகும். லாரி வந்த செய்தி கேட்டு வரும் தூண்டில்காரர்கள் ஓடை மீனையும் சேர்த்தே பிடிப்பார்கள்.

அமெரிக்காவின் மொன்டானாவில் இதைச் சோதித்தே பார்த்தார்கள். டிக் வின்சென்ட் என்ற மீன்வள உயிரியலாளர், மாடிசன் ஆற்றின் ஒரு பகுதியில் மீன் விடுவதை நிறுத்தச் செய்து கணக்கெடுத்தார். அங்கே இயற்கை டிரவுட் பெருகியது. அதுவரை மீன் விடாதிருந்த ஓடெல் ஓடையில் விட்டுப் பார்த்தபோது, அங்கே இருந்த இயற்கை மீன் குறைந்தது. தூண்டில்காரர்களும் கடைக்காரர்களும் எதிர்த்தும், இயற்கை டிரவுட் வாழும் ஆறுகளிலும் ஓடைகளிலும் மீன் விடுவதை அந்த மாநிலம் 1974-இல் நிறுத்தியது.

மீனைக் கையில் எடுத்தாலே வித்தியாசம் தெரியும். சிமென்ட் தொட்டியில் உரசி வளர்ந்ததற்கு முதுகுத் துடுப்பு பிய்ந்து, மார்புத் துடுப்பு மழுங்கி இருக்கும். ஓடையில் பிறந்ததற்குத் துடுப்பு விசிறி மாதிரி முழுசாக விரியும், விலாவில் உள்ள சிவப்புப் புள்ளியைச் சுற்றி வெளிறிய வளையம் இருக்கும்.

கரை வேலைக்கு வருகிறேன். பெண் மீன் இலையுதிர் காலத்தில் பக்கவாட்டில் சாய்ந்து, வாலால் கூழாங்கல்லை அடித்துக் குழி பறிக்கும். முட்டையிட்டு மேலே கல் மூடும். கல் இடுக்கில் நீர் ஓடினால்தான் முட்டைக்கு ஆக்சிஜன் கிடைக்கும். வண்டல் அடைத்தால் குழிக்குள்ளேயே செத்துவிடும். எங்கள் ஓடையில் மாடுகள் கரையை மிதித்து மண்ணைச் சரித்துக்கொண்டிருந்தன. வேலி போட்டு, நிழலுக்கு மரம் நட்டு, ஒதுங்க இடம் கிடைக்கட்டும் என்று சில மரத்தண்டுகளை நீரில் கட்டி வைத்தோம். வேலியை அவ்வப்போது பழுது பார்க்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் முதல் வருஷம் தூண்டில் காய்ந்தது, உறுப்பினர் சிலர் விலகினார்கள். அதைத் தாங்கத் தயாராக இருக்க வேண்டும்.

நடுவழி ஒன்றும் உண்டு: இனப்பெருக்கம் செய்யாத மலட்டு டிரவுட். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2015 முதல் ஆறுகளில் பழுப்பு டிரவுட் விடுவதென்றால் மலட்டு மீன், அல்லது உள்ளூர்த் தாய் மீனின் குஞ்சு என்பதுதான் பொது விதி. விட்ட மீன் ஓடை மீனோடு இனம் கலப்பது தடுக்கப்படும், இடச் சண்டை தீராது என்பது என் கணிப்பு. நான் அதை விட்டுப் பார்த்ததில்லை.

என் அனுபவம் ஒரே ஒரு சின்ன ஓடையோடு சரி. முட்டையிடக் கூழாங்கல்லே இல்லாத ஏரியிலோ, கோடையில் சூடேறி டிரவுட் தங்காத ஆற்றிலோ கணக்கு வேறாக இருக்கலாம். முடிவெடுக்கும் முன் ஒரு இலையுதிர் காலத்தில் கரையோரம் நடந்து பாருங்கள். பாசி படிந்த கற்களுக்கு நடுவே, கழுவி வைத்தது போல ஒரு திட்டு பளிச்சென்று தெரிந்தால் அங்கே முட்டை இருக்கிறது. அதை மிதிக்காமல் சுற்றிப் போங்கள்.