ரெக்கார்டர்ல பேட்டரி டைப் செட்டிங்: கோயில் கொடைக்கு ரெக்கார்டிங் போறவங்களுக்கு

வள்ளியூர், பணகுடி பக்கம் கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போயி வில்லுப்பாட்டு ரெக்கார்ட் பண்ணுறது நமக்குப் பல வருஷப் பழக்கம். நாலு டபுள் ஏ போடுற ரெக்கார்டர் ஒண்ணு, மைக் சத்தத்த ரெக்கார்டருக்கு முன்னாடியே கூட்டிக் குடுக்க 9 வோல்ட் பேட்டரில ஓடுற சின்ன ப்ரீஆம்ப் ஒண்ணு. கோயில்ல கரண்ட் இல்லையா வேன்னு கேப்பீங்க. இருக்கு, ஆனா சீரியல் செட்டு, மைக்செட்டு எல்லாம் அதே ஜெனரேட்டர்ல தொங்கிக்கிட்டு கெடக்கும், அதுல அடாப்டரச் சொருவினா உடுக்குச் சத்தத்துக்கு அடியில விடியுற வரைக்கும் ஒரு இரைச்சல் ஓடும். அதான் பேட்டரி.

மெனுவுல அல்கலைன், நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு, லித்தியம்னு கேக்கும்லா, அத மாத்துனா பேட்டரி கூட நேரம் நிக்கும்னு நெனைக்காதீங்க. எந்த வோல்டேஜுக்கு எத்தன கோடு காட்டணும், எப்ப லோ பேட்டரின்னு கத்தணும், அம்புட்டுதான் அதோட வேலை. அல்கலைன் 1.5ல ஆரம்பிச்சு சரிவா எறங்கும். எனலூப் மாதிரி ரீசார்ஜபிள் (இதுதான் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு, மேல 1.2ன்னு போட்டிருக்கும்) சார்ஜர்ல இருந்து எடுத்ததும் 1.4 கிட்ட இருக்கும், வெரசா 1.25க்கு வந்து ரொம்ப நேரம் அங்கனயே நிக்கும், 1.1 தாண்டினா பொத்துன்னு விழுந்துரும். அத அல்கலைன்னு செட் பண்ணினா ஆரம்பத்துலயே பாதி காலின்னு காட்டி பயங்காட்டும். அல்கலைனப் போட்டுட்டு நிக்கல்னு செட் பண்ணினா அதவிட மோசம், பாதி தீந்த பொறவும் புல்லுன்னு பொய் சொல்லும்.

ஜங்ஷன்ல ஒரு கடைக்கார அண்ணாச்சி, "1.2 தானடே, 1.5 போடு, பவர் கூடுதல்லா"ன்னு சொல்லுவாரு. சும்மா வச்சு அளந்தா சரிதான். 48 வோல்ட் பாண்டம், அதாவது கேபிள் வழியா மைக்குக்கு ரெக்கார்டர் குடுக்குற பவர், அத ஆன் பண்ணினா கதையே வேற. உள்ள இருக்க கன்வெர்ட்டர் அஞ்சாறு வோல்ட்ட 48க்கு ஏத்தணும், பேட்டரி வோல்டேஜ் எறங்க எறங்க அது கரண்ட கூடக் கூட உறிஞ்சும், அல்கலைனுக்கு உள்ரெசிஸ்டன்ஸ் ஜாஸ்திங்கதால இன்னும் எறங்கும். அந்த லோடுல 1.2தான் தாக்குப்பிடிக்கி, கண்ணால பாத்தாச்சு. மைக் மேனுவல்ல 24 வோல்ட் போதும்னு போட்டிருந்து, ரெக்கார்டர்லயும் அந்த செட்டிங் இருந்தா 24ல வையிங்க, பேட்டரி மிச்சம்.

ப்ரீஆம்ப் விஷயத்துலதான் நெறைய பேரு ஏமாறுதாவ. ரீசார்ஜபிள் 9 வோல்ட்டுங்கது உண்மையில 9 இல்ல, உள்ள ஆறு செல்லுன்னா 7.2, ஏழுன்னா 8.4. நம்ம ப்ரீஆம்ப்ல லோ பேட்டரி லைட்டு அல்கலைனுக்குன்னு வச்சது, அதனால 7.2 போட்டா சீக்கிரமே எரியும். அத ஒட்டி மறைச்சுட்டு ஓட்டுனா என்னாவும்னா, உள்ள சத்தத்தப் பெருக்குற ஆப்ஆம்ப் சிப்பு நேரா பேட்டரியிலதான் ஓடுது, வோல்டேஜ் கொறஞ்சா ஹெட்ரூமும், அதாவது சத்தம் ஒடையாம தாங்குற எடமும் கொறையும். ரெக்கார்டர் மீட்டர் மைனஸ் 8 டெசிபல்லயே நிக்கி, எல்லாம் பத்திரமாத்தான் தெரியும். வீட்ல வந்து வேவ்பார்ம விரிச்சா குடத்தோட ஒவ்வொரு அடியும் மைனஸ் 8லயே கத்தியால சீவுன கணக்கா தட்டையா கெடக்கும். கிளிப் ஆனது, அதாவது சத்தத்தோட உச்சி வெட்டுப்பட்டது ரெக்கார்டர்ல இல்ல, அதுக்கு முன்னாடி. அத எந்த சாப்ட்வேர் கொண்டும் முழுசா மீட்க முடியாது, பேசாம அந்த லைட்டு சொல்லுறதக் கேளுங்க.

இப்ப ஆன்லைன்ல 1.5 வோல்ட் லித்தியம் அயான்னு டபுள் ஏ ரீசார்ஜபிள் விக்காவ. மெனுவுல இருக்க லித்தியம் இதுக்கு இல்ல, தூக்கிப் போடுற லித்தியம் செல்லுக்கு. இதுக்குள்ள ஒரு குட்டி கன்வெர்ட்டர் இருக்கதால கடைசி வரைக்கும் 1.5 காட்டிட்டு சட்டுன்னு அணையும், கோடு புல்லா இருக்கும்போதே. போதாக்குறைக்கு சில செல்லு கெயின் கூட்டுனா ஒரு சீறல் சத்தமும் போடும். டார்ச்சுக்குப் போடலாம்.

நான் இப்ப எனலூப்தான், செட்டிங்கும் அதுக்குத் தக்க. ஆனாலும் நடுராத்திரி சாமக்கொடைக்கு முன்னாடி வில்லுக்காரவிய காப்பி குடிக்க எந்திரிக்கும்போது எத்தன கோடு இருந்தாலும் நாலையும் மாத்திருவேன். கழட்டுன நாலும் ஒரே டப்பாவுக்குள்ள போவணும், வேற செட்டோட கலந்தா பலவீனமான செல்லு முதல்ல காலியாகி மத்த மூணும் அத ரிவர்ஸ்ல தள்ளிக் கெடுத்துரும்.